இரை: மனைவி, எண்ணிக்கை: ஒன்று

ரோஜாக்காரருக்கு இந்த உலகத்தில் இரண்டே பயம். ஒன்று அசுவினிப் பூச்சி. மற்றது மனைவியின் அக்கா வீடு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர் ஒன்று ரோஜா வளர்க்காதவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் கல்யாணம் ஆகாதவராக இருக்க வேண்டும்.

அசுவினி கடுகை விடச் சின்னப் பூச்சி. ரோஜாக் கொழுந்தின் நிறத்திலேயே இருக்கும். மொட்டின் கழுத்தைச் சுற்றிக் கும்பலாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். உறிஞ்சியது போக மீதியை இலையெல்லாம் பிசுபிசுவென்று வடிய விடும். ஆண் துணை இல்லாமலே குட்டி போடும். அந்தக் குட்டி கண் விழித்துப் பார்த்து, தான் ஒரு குட்டி என்பதைப் புரிந்துகொள்வதற்குள் அதுவும் ஒரு குட்டி போட்டிருக்கும். மொட்டு விரியாது. விரிந்தாலும் தூக்கத்தில் எழுப்பப்பட்ட ஆள் மாதிரி முகம் கோணலாக இருக்கும்.

இதற்கு மருந்து உண்டு. அடித்தால் அசுவினி சாகும். ஆனால் வீடு தோட்டத்தின் நட்ட நடுவில் இருந்தது. மருந்து அடித்தால் ரோஜாக்காரரின் மனைவிக்கு இரைப்பு வரும். ஜன்னலைச் சாத்தினாலும் வரும், கதவிடுக்கில் துணியைத் திணித்தாலும் வரும். நெஞ்சுக்குள் யாரோ பழைய தையல் மிஷினை ஓட்டுகிற மாதிரி ராத்திரியெல்லாம் சத்தம் கேட்கும். அதனால் மருந்தடிக்கும் காலத்தில் அவள் பையைக் கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள்.

முதல் தடவை மூன்று நாளில் திரும்பினாள். அடுத்த தடவை ஒரு வாரம். போன தடவை ஒரு மாதத்தைத் தொட்டுவிட்டது. வந்தவள் கன்னம் உப்பி, நிறம் கூடி, புதிதாக ஒரு சிரிப்பையும் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக, "அக்கா வீட்டுல மனுஷங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிறாங்கங்க" என்றாள். ஒரு புருஷனின் காதில் இதைவிட ஆபத்தான வாக்கியம் விழ முடியாது.

அந்த ஒரு மாதம் அவர் பட்ட பாடு வெளியே சொல்லும்படி இல்லை. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பதைச் சர்க்கரை டப்பா வழியாகத்தான் கண்டுபிடித்தார். வீட்டின் அமைதி தாங்காமல், அவள் குரலில் தன்னைத் தானே திட்டிப் பார்த்தார். சுருதி சேரவில்லை. இந்த வருஷம் முதல் மொட்டில் முதல் கும்பலைப் பார்த்ததும் அவர் உள்ளே போய் அலமாரி மேலே பை இருக்கிறதா என்று பார்த்தார். அவளும் மொட்டைப் பார்த்தாள். அலமாரி மேலிருந்த பையை இறக்கி, தூசி தட்டி, வெயிலில் காய வைத்தாள். அவ்வளவுதான்.

பூச்சியைப் பூச்சியை வைத்தே பிடிக்கலாம் என்று உரக்கடைக்காரர் சொல்லித்தான் ரோஜாக்காரருக்குத் தெரியும். பொறிவண்டு. சிவப்பு முதுகில் கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டு, சட்டைப் பொத்தான் நடக்கப் பழகினது மாதிரி இருக்குமே, அதேதான். அதற்கு அசுவினி என்றால் உயிராம். ஊரின் எல்லையில் நன்மைப் பூச்சி ஆய்வு நிலையம் என்று ஒன்று இருப்பதாகவும், அங்கே அந்த வண்டுகளை வளர்த்து அளந்துகொண்டிருப்பதாகவும், மனு கொடுத்தால் தருவார்கள் என்றும் கடைக்காரர் சொன்னார். தந்து யாரும் பார்த்ததில்லை என்பதை அவர் சொல்லவில்லை. அவர் மருந்தும் விற்கிறவர்.

நிலையத்தின் வாசலில் மனு வாங்கும் எழுத்தர் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். ரோஜாக்காரர் பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவர். மனுவை நன்றாகவே எழுதியிருந்தார். மருந்து அடித்தால் என் மனைவிக்கு இரைப்பு வருகிறபடியால், மருந்துக்குப் பதிலாகப் பொறிவண்டு கொடுத்து உதவ வேண்டும் என்று இரண்டே வரி. எழுத்தர் அதை மேலிருந்து கீழாகவும் பிறகு கீழிருந்து மேலாகவும் படித்தார்.

"பெருக்கமா, இரையா?" என்றார்.

ரோஜாக்காரர் விழித்தார். எழுத்தர் பொறுமையாக விளக்கினார். நிலையத்தில் இருப்பது இரண்டே பிரிவு. வண்டு எவ்வளவு பெருகுகிறது என்று அளப்பது பெருக்கப் பிரிவு. வண்டு எவ்வளவு தின்கிறது என்று அளப்பது இரைப் பிரிவு. எந்த மனுவாக இருந்தாலும் இரண்டில் ஒன்றுக்குத்தான் போக முடியும். கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. மனுவில் எந்தச் சொல் இருக்கிறதோ அதைப் பார்த்து அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியது எழுத்தர் வேலை.

"இதுல இரைன்னு போட்டிருக்கீங்க. அப்ப இரைப் பிரிவு."

"சார், அது இரைப்பு."

"அதான். இரை."

"பின்னாடி 'ப்பு' இருக்கே சார்."

"'ப்பு'வை நாங்க எடுத்துக்கறதில்ல" என்றார் எழுத்தர், கொஞ்சம் வருத்தத்தோடேயே. "கட்டத்துல இடம் இல்ல."

எந்திரம் கர்ரென்று ஒரு ரசீதைத் துப்பியது. ரோஜாக்காரர் அதைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் வாசித்தார். நன்மைப் பூச்சி: பொறிவண்டு. இரை: மனைவி. எண்ணிக்கை: ஒன்று.

இது தப்பு என்று அவர் சொன்னபோது எழுத்தர் மறுக்கவே இல்லை. தப்பாகத்தான் இருக்கும் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் இரை சம்பந்தப்பட்ட தப்பைத் திருத்தும் அதிகாரம் இரைப் பிரிவுக்குத்தான் உண்டு, வாசலில் திருத்த முடியாது என்று சொல்லி, நடைவழியின் கோடியைக் காட்டினார்.

அந்த நடைவழி நீளமானது. இந்தப் பக்கக் கோடியில் பெருக்கப் பிரிவு, அந்தப் பக்கக் கோடியில் இரைப் பிரிவு. நடுவில் ஒரு தள்ளுவண்டி. அந்தத் தள்ளுவண்டிதான் நிலையத்தின் மொத்தச் சரித்திரம் என்று சொல்லலாம். இரண்டு பிரிவு இருந்தாலும் வண்டுக் கூட்டம் என்னவோ ஒன்றே ஒன்றுதான். காலையில் அது வலைக்கூண்டில் பெருக்கப் பிரிவில் இருக்கும். அங்கே பெருக்கம் மேடம் அதற்கு வயிறு முட்டத் தீனி வைத்து, முட்டை போடச் சொல்லி, எண்ணிக் கணக்கெடுத்து, சுவரில் மேல்நோக்கி ஏறும் ஒரு கோட்டை வரைவார். மதியம் தள்ளுவண்டி கிளம்பும். இரைப் பிரிவில் இரை சார் காத்திருப்பார். அவருக்குப் பசித்த வண்டுதான் வேண்டும். வயிறு நிறைந்த வண்டு தின்னாது, தின்னாவிட்டால் அவருடைய கோடு மேலே ஏறாது. ஆகவே ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடுவார். பட்டினி கிடந்த வண்டு என்ன செய்யும்? பக்கத்தில் இருக்கிற தன் முட்டையையே தின்னும். இரை சாரின் கோடு சர்ரென்று ஏறும். மறுநாள் காலை தள்ளுவண்டி திரும்பிப் போகும்போது பெருக்கம் மேடத்தின் கோடு மடாரென்று விழும்.

இருவரும் நேருக்கு நேர் பேசி வருஷக் கணக்காகிறது என்று சொன்னார்கள். ஒருவருக்கொருவர் தள்ளுவண்டியில் குறிப்புச் சீட்டு வைத்து அனுப்பினார்கள். ரோஜாக்காரர் போன அன்று வந்திருந்த சீட்டில், 'தங்கள் விருந்தினர் எங்கள் குழந்தைகளைத் தின்றுள்ளனர்' என்று இருந்தது. பதிலுக்கு இரை சார், 'குழந்தைகள் எண்ணிக்கை எங்கள் சாதனையில் சேர்க்கப்பட்டுவிட்டது, நன்றி' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

இரை சார் ஒல்லியான மனிதர். மேஜை மேல் கண்ணாடித் தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் ஒரு வண்டு, வண்டுக்கு எதிரில் அளந்து போட்ட அசுவினிகள். பார்த்த மாத்திரத்தில் ரோஜாக்காரருக்குக் கை பரபரத்தது. ஒரு தட்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவிட்டால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ரசீதைக் காட்டி, தன் மனைவி இரை இல்லை என்று சொன்னார்.

இரை சார் தலையை ஆட்டினார். "எல்லா இரையும் அப்படித்தான் சொல்லும்."

"நான் இரை இல்ல சார். இரையோட வீட்டுக்காரர்."

"அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரோஜாக்காரர் ரசீதை இன்னொரு தடவை பார்த்தார். யோசித்துப் பார்த்தால் அவள் விஷயத்தில் அவருக்குத் தெரியாதது நிறையவே இருந்தது. உப்பு டப்பா ஓர் உதாரணம்.

சத்தம் கேட்டுப் பெருக்கம் மேடம் நடைவழியைக் கடந்து வந்தார். வந்தவர் இரை சாரைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தபடி, ரசீதை வாங்கிப் படித்தார். இரை என்று வந்துவிட்டால் இரையின் பெருக்க விகிதமும் தெரிய வேண்டும், அது தன் பிரிவு என்று சுவரிடம் சொன்னார். பிறகு ரோஜாக்காரரைத் தனியே அழைத்துப் போய், இரைக்கு எத்தனை குட்டி என்று விசாரித்தார்.

"ஒரே பொண்ணு மேடம். கல்யாணமாகி வெளியூர்ல இருக்கா."

"இத்தனை வருஷத்துக்கு ஒண்ணுதானா?" மேடம் உதட்டைப் பிதுக்கினார். "ரொம்ப மந்தம். இப்படிப்பட்ட இரையை வச்சிக்கிட்டு வண்டு எப்படிப் பெருகும்?"

தன்னை மறந்து ரோஜாக்காரர் மன்னிப்புக் கேட்டார்.

திருத்தம் மட்டும் நடக்கவில்லை. இரைப் பிரிவும் பெருக்கப் பிரிவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஒரு பதிவை நீக்க முடியும். அவர்கள் சேர்ந்து போட்ட கடைசிக் கையெழுத்து நிலையத்தின் திறப்பு விழாக் கல்லில் இருந்தது. ரோஜாக்காரர் மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். வீட்டில் அசுவினி மொட்டிலிருந்து தண்டுக்கும், முன் வரிசையிலிருந்து பின் வரிசைக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. மனைவி செருப்பை வார் தைக்கக் கொடுத்து வாங்கினாள். ஒரு சாயங்காலம் அவர் உள்ளே நுழைகையில் போனில், "அந்த மாடி ரூமையே ஒழிச்சு வைங்க அக்கா, அது போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒழித்து வைப்பது என்பது ஒரு வாரத்துக்கான ஏற்பாடு இல்லை என்று ரோஜாக்காரருக்குத் தோன்றியது. அன்றைக்கு டீயில் சர்க்கரை சரியாக இருந்தும் கசந்தது.

கடைசியில் இயக்குநரைப் பார்த்துவிடுவது என்று போனார். இயக்குநரின் அறையில் பெரிய மேஜை ஒன்று இருந்தது. அதன் மேல் எதுவும் இல்லை. சுவர் முழுக்கப் பொறிவண்டுப் படங்கள். அசல் வண்டு ஒன்று எப்படியோ தப்பித்து வந்து ஒரு படத்தின் மேல் நடந்துகொண்டிருந்தது. இயக்குநர் அதைக் கவனிக்கவில்லை. அவர் இனிமையாகப் பேசுகிறவர். யாராவது ஒருவர் எதிரில் வந்து நின்றால் போதும், கூட்டம் என்று நினைத்துவிடுவார்.

"உட்காருங்க. உங்க வருத்தம் எனக்குப் புரியுது" என்று ஆரம்பித்தார். "வெளியில எங்களைப் பத்தித் தப்பா பேசறாங்க. வண்டு தர்றதில்லன்னு சொல்றாங்க. உண்மைதான். ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு வண்டுகூட இந்த வாசலைத் தாண்டினதில்ல. அதுக்காக நான் பெருமைப்படறேன். யோசிச்சுப் பாருங்க. ஒரு வண்டு வெளியில போயி, யாரோ ஒருத்தர் தோட்டத்துல, நம்ம கண்ணுல படாம, ஒரு பூச்சியைத் தின்னுட்டா அதை யார் அளக்கறது? அளக்காத நன்மை நன்மையா? அது சும்மா நடந்தது. சும்மா நடக்கறதுக்கு ஒரு நிலையம் எதுக்கு?"

ரோஜாக்காரர் மெதுவாக மனைவி விஷயத்தை நினைவூட்டினார்.

"அதுக்குத்தான் வரேன். நாங்க தப்பைத் திருத்தறதில்ல, ஆராயறோம். உங்க மனைவி இரையா இல்லையாங்கறது இன்னிக்குத் தேதியில யாருக்கும் தெரியாது. நீங்க இல்லன்னு சொல்றீங்க, எங்க பதிவு ஆமான்னு சொல்லுது. ரெண்டு பக்கமும் மரியாதை குடுக்கணும். சோதிச்சுப் பார்த்துடுவோம்."

சோதனை என்றால் இரை அதன் இயல்பான சூழ்நிலையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே சோதனை வீட்டில். நிலையத்தின் வரலாற்றில் வண்டு வெளியே போவது இதுவே முதல் தடவை என்பதால், இயக்குநர் தானே நேரில் வருவதாகச் சொன்னார். ரோஜாக்காரருக்கு அந்தக் கடைசி வாக்கியம் வீட்டுக்குப் போகிற வழியில் பாதி தூரம் நடந்த பிறகுதான் உறைத்தது. வண்டு வருகிறது. எதற்காக வந்தால் என்ன, தோட்டத்துக்கு வருகிறது.

மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் மிச்சம். பெண் பார்க்கப் போன அன்றுகூட அவருக்கு நாக்கு இப்படி ஒட்டிக்கொள்ளவில்லை. ரசீதை அவள் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். அவள் படித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இன்னொரு தடவை படித்தாள்.

"எண்ணிக்கை ஒண்ணுன்னு போட்டிருக்கே, அதையாவது சரியா சொன்னீங்களே" என்றாள். பிறகு, எதற்காக இத்தனை நாள் அங்கே நடையாய் நடந்தார் என்று கேட்டாள். மருந்து அடிக்காமல் இருக்கத்தான் என்றார். மருந்து அடித்தால் அவள் போய்விடுவாளே என்பதைச் சொல்லவில்லை. அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து, அங்கே முன்பே நின்ற சொல்லாத வார்த்தைகளின் கும்பலைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டது. அவள், வருகிறவர்களுக்கு எத்தனை நாற்காலி போட வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

ஜீப் வந்தது. முன் சீட்டில் இயக்குநர். பின் சீட்டில் இரை சாரும் பெருக்கம் மேடமும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி. இருவருக்கும் நடுவில், இருவர் மடியிலும் சரிபாதியாக, வண்டுப் பெட்டி. அதற்குள் ஒரு கைப்பிடி வண்டுகள். முந்தின நாள் முழுக்க அவை பட்டினி. இரை சார் விதியைக் காட்டி அடம் பிடித்துச் சாதித்திருந்தார். அதற்குப் பழிவாங்க மேடம், முட்டை போடும் நிலையில் இருந்த பெண் வண்டுகளாகவே பொறுக்கி அனுப்பியிருந்தார். இவை முட்டையைத் தின்றாலும் தின்னாவிட்டாலும் தன் கோட்டுக்குச் சாதகமாக ஏதாவது எழுதலாம் என்பது அவர் கணக்கு.

சமையலறை மேஜையைத் தூக்கிவந்து ரோஜா வரிசைக்குப் பக்கத்தில் போட்டார்கள். மனைவி நல்ல உடையாக உடுத்தி, தலை வாரி, நாற்காலியில் உட்கார்ந்து கையை மேஜை மேல் நீட்டினாள். இயக்குநர் நின்றபடி சிறு உரையாற்றினார். வீட்டில் இருந்த கேட்போர் ஒருவர்தான் என்பதால் ரோஜாக்காரர் எல்லா இடத்திலும் தலையாட்ட வேண்டியிருந்தது. பெருக்கம் மேடம் இரையின் எடையைக் கேட்டார். மனைவி, எதற்கு என்றாள். எவ்வளவு தின்றது என்று பிறகு கழித்துப் பார்க்க வேண்டும் என்றார் மேடம்.

"அம்பதுன்னு போட்டுக்கோங்க" என்றாள் மனைவி. அது அவளுடைய கல்யாண எடை. ரோஜாக்காரர் அதற்கும் தலையாட்டினார்.

இரை சார் பெட்டியைத் திறந்து அவள் முன்கை மேல் கவிழ்த்தார். சிவப்புப் பொத்தான்கள் சிதறி, ஒரு கணம் அசையாமல் கிடந்து, பிறகு கிளம்பின. சில முழங்கை பக்கம் போயின. பெரும்பாலானவை விரலை நோக்கி நடந்தன. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"இரை சிரிக்கக் கூடாது" என்றார் இரை சார்.

"கூசுதுங்க. நான் என்ன செய்யட்டும்?"

"பயப்படற மாதிரி இருங்க."

அவள் முயன்றாள். பயந்த முகம் என்று அவள் காட்டியது, அவர்களுடைய மகள் பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நடித்தபோது காட்டிய முகம் என்று ரோஜாக்காரருக்குத் தெரிந்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது. அதே நேரம் வண்டுகளையும் பார்த்தார். பட்டினி கிடந்த வாய்கள். அவள் கை. இது என்ன பைத்தியக்காரத்தனம், எழுந்து எல்லாவற்றையும் தட்டிவிடு என்று ஒரு மனசு சொன்னது. அவள் அவரைப் பார்த்துக் கண்ணாலேயே உட்காருங்கள் என்றாள். உட்கார்ந்தார்.

"ஸ்" என்றாள் அவள் திடீரென்று.

மூன்று தலைகள் குனிந்தன. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு வண்டு லேசாகக் கடித்திருந்தது. தோலில் புள்ளிகூட இல்லை. கொசு இதைவிட ஈடுபாட்டோடு கடிக்கும் என்று அவளே சொன்னாள். ஆனால் இரை சாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புதிய இரை, புதிய கடி. அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். பெருக்கம் மேடம் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, வண்டு பெருகுவதையும் சேர்க்க வேண்டும் என்று, சுவர் இல்லாததால் வேறு வழியின்றி, நேராக அவரிடமே சொன்னார். அவர் சேர்த்தார். வருஷக் கணக்கில் பேசாத இருவரும் ஒரே தாளில் குனிந்து வகுத்தார்கள், பெருக்கினார்கள். விடை வந்தது. இந்த வேகத்தில், இந்த இரை முழுவதுமாகத் தீர்ந்துபோக நாலாயிரத்துச் சொச்சம் வருஷம் ஆகும்.

இயக்குநரின் முகம் சுருங்கியது. "பிரயோஜனமில்ல" என்றார். "இவ்வளவு மெதுவா தின்னா இதை நன்மைப் பூச்சின்னு எப்படிச் சொல்றது?"

ரோஜாக்காரருக்கு மட்டும் அந்த விடை மிகவும் பிடித்திருந்தது. நாலாயிரம் வருஷம் தாராளமாகப் போதும் என்று நினைத்துக்கொண்டார்.

இயக்குநர் அங்கேயே தீர்ப்பைச் சொல்ல, இரை சார் எழுதினார். மேற்படி மனைவி இரை அல்ல. அல்லது, இரையாக இருந்தும் தரமான இரை அல்ல. மேற்படி வண்டுகள் இந்தத் தோட்டத்துக்குப் பயன்படா. ஆகவே வண்டு கேட்ட மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. ரோஜாக்காரர் மேஜையைப் பார்த்தார். இத்தனை நாள் நடந்ததும், மேஜை தூக்கியதும், அவள் கடி வாங்கியதும் இதற்காகத்தானா?

பெட்டியை எடுத்துக்கொண்டு இரை சார் வண்டுகளைப் பொறுக்கக் குனிந்தார். பெருக்கம் மேடம் குறுக்கே கையை நீட்டினார். இரை அல்லாததைக் கடித்த வண்டை அவர் கூண்டில் சேர்க்க முடியாது, கோடு கெட்டுவிடும் என்றார். இரை சார், தன் பிரிவுக்கு மட்டும் எதற்கு, அங்கே இருக்கிற வண்டுகள் ஒழுங்காக இரையைத்தான் கடிக்கின்றன என்றார். இருவரும் இயக்குநரைப் பார்த்தார்கள். இயக்குநர் விதியைச் சொன்னார். எந்தப் பிரிவும் ஏற்காத பூச்சி நிலையத்தின் பூச்சியே அல்ல. நிலையத்தின் பூச்சி அல்லாததை நிலையத்தின் ஜீப்பில் ஏற்ற முடியாது.

"அப்ப இதுங்களை என்ன செய்யறது சார்?" என்று கேட்டது ரோஜாக்காரரின் மனைவி. கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"எங்களுக்குத் தெரியாதும்மா. பயனில்லாததுன்னு எழுதியாச்சு. தட்டிவிட்டுடுங்க."

ஜீப் கிளம்பியது. கணக்குத் தாள் யார் கோப்பில் சேர வேண்டும் என்று பின் சீட்டில் சண்டை ஆரம்பித்திருந்தது. ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்து நேராகச் சண்டை போட்டார்கள். அந்த வகையில் சோதனை வெற்றிதான்.

மனைவி எழுந்தாள். கையைத் தட்டவில்லை. பக்கத்திலிருந்த செடியின் கிளையில் விரல் நுனியை வைத்தாள். வண்டுகளுக்கு எப்போதும் உச்சிக்குப் போக வேண்டும்; விரலுக்கு மேலே கிளை இருந்தது, கிளைக்கு மேலே மொட்டு இருந்தது, மொட்டின் கழுத்தைச் சுற்றி ஒரு ஊரே உட்கார்ந்து சாறு குடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் பட்டினி கிடந்த முதல் வண்டு அந்தக் கும்பலின் ஓரத்தில் வந்து நின்றது. நம்ப முடியாமல் நின்ற மாதிரி இருந்தது. பிறகு தலையைக் குனிந்தது. ரோஜாக்காரரும் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். வண்டு நிமிர்ந்து, வாயைத் துடைப்பதுபோல் முன்காலை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்ததற்குப் போனது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சும்மா நடந்தவை. பசியில் வந்ததால் அவை பறந்து போகவில்லை. இலைக்கு அடியில் மஞ்சளாக முட்டைகள் வந்தன. முட்டையிலிருந்து, முள்ளு முள்ளாய்க் கறுத்த புழுக்கள் வந்தன; பார்க்க விகாரமாக இருந்தாலும் தாயை விட வேகமாகத் தின்றன. பின் வரிசை தேறியது. பிறகு முன் வரிசை. மொட்டுகள் நேரான முகத்தோடு விரிந்தன. எத்தனை வண்டு, எத்தனை அசுவினி, எந்த வேகம் என்று கேட்டால் ரோஜாக்காரருக்குச் சொல்லத் தெரியாது. மருந்துத் தெளிப்பானை மட்டும் உரக்கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். கடைக்காரர் அதை வாங்கிக்கொண்ட விதத்தில், வண்டு தராது என்று அவர் நிலையத்தின் மேல் வைத்திருந்த நம்பிக்கை போய்விட்டது தெரிந்தது.

அன்று சாயங்காலம் ரோஜாக்காரர் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தார்.

"இனிமே மருந்தே கிடையாது. உனக்கு இரைப்பு வராது. நீ எங்கயும் போக வேண்டியதில்ல" என்றார்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். அவள் ஜன்னலைத் திறந்து, ஆழமாக ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தாள். மூச்சு நன்றாகத்தான் போய் வந்தது. முகம்தான் விழுந்திருந்தது.

"நல்லதுதான்" என்றாள். "ஆனா இரைப்புன்னு ஒண்ணு இருந்தப்ப அக்கா வீட்டுக்குப் போக ஒரு காரணம் இருந்துச்சு. இனிமே என்னன்னு சொல்லிட்டுப் போவேன்?"

ரோஜாக்காரருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவர் விரட்டியது அசுவினியை மட்டும் இல்லை போலிருக்கிறது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இத்தனை நாள் தொண்டையில் நின்ற வார்த்தையை இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்ல முடியாது என்று தோன்றியது.

"நீ போனா திரும்பி வர மாட்டியோன்னு எனக்குப் பயம்" என்றார். "போன தடவை வந்தப்ப அங்க எல்லாரும் பேசிக்கிறாங்கன்னு சொன்ன. நான் பேசறதே இல்லையேன்னு யோசிச்சேன். பேசலாம்னுதான் பார்த்தேன். நீ இல்லாதப்ப நிறையப் பேசினேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "யார்கிட்ட?"

"உன்கிட்டதான். உன் குரல்ல திட்டிக்கிட்டேன்."

"எதுக்குத் திட்டினேன்?"

"உப்புக்கு."

அவள் சிரித்தாள். அக்கா வீட்டில் கற்றுக்கொண்டு வந்த சிரிப்பு என்று அவர் இத்தனை நாள் நினைத்திருந்தாரே, அதே சிரிப்பு. இவ்வளவு பக்கத்தில் கேட்டால் அது பழைய சிரிப்பாகத்தான் இருந்தது. கேட்டுப் பல வருஷமானதால் புதிதாகத் தெரிந்திருக்கிறது.

"மாடி ரூமை எதுக்கு ஒழிக்கச் சொன்னேன்னு நினைச்சீங்க? எனக்கு அக்கா பக்கத்துலயே படுத்துக்க ஒரு பாய் போதாதா?" என்றாள். "உங்களைப் பத்து நாள் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன். மருந்தடிச்சிட்டு நீங்களும் கிளம்பறதா இருந்துச்சு. எங்க, உங்ககிட்ட சொல்றதுக்குள்ள நீங்க என்னைக் கொண்டுபோய் இரையா எழுதிட்டு வந்து நின்னீங்க."

ரோஜாக்காரர் எழுந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பிறகு, பத்து நாள் தோட்டத்தை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். கேட்க வேண்டுமே என்று கேட்டதுதான். குரலில் பலம் இல்லை.

"அதுங்க பார்த்துக்கும்" என்றாள் அவள் ஜன்னல் வழியே தோட்டத்தைக் காட்டி. "நாமளும் இல்லன்னா இன்னும் நல்லதுதான். யாரும் எட்டிப் பார்க்காம, நிம்மதியா சாப்பிடட்டும்."